மின்சாரமும் மின்சுற்றும்: பள்ளி இயற்பியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மின்சாரப் பாடத்தில் உள்ள சூத்திரங்களை மாணவர்கள் விரைவாகவே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆனால், சுற்றிலிருந்து ஒரு விளக்கைக் கழற்றினால் மற்ற விளக்குகளுக்கு என்ன ஆகும் என்று கேட்டால் தயங்குகிறார்கள். மின்கலத்திலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு ஒவ்வொரு கருவியாகக் கடந்து வருகிறது என்று எண்ணிக்கொண்டு, சுற்றைத் துண்டு துண்டாகப் பார்ப்பதே இந்தத் தயக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம். மின்சுற்றில் எந்த இடத்தில் மாற்றம் செய்தாலும் சுற்று முழுவதும் அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. இந்தப் பக்கத்தில் உள்ள விடைகளில் பெரும்பாலானவை இந்தக் கருத்தைப் பற்றிக்கொண்டே செல்கின்றன.

கம்பிக்குள் உண்மையில் ஓடுவது எது?

செம்பில் ஒவ்வோர் அணுவும் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்றைத் தளர விட்டிருக்கிறது. அப்படிக் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்கள் ஒரு கன மில்லிமீட்டர் செம்பில் மட்டும் ஏறத்தாழ 8.5 × 10¹⁹ இருக்கின்றன. கம்பி எதனோடும் இணைக்கப்படாதபோது அவை எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடுவதால் எந்தப் பக்கத்துக்கும் நிகர ஓட்டம் இருப்பதில்லை. கம்பியின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டதும், அந்தத் தாறுமாறான ஓட்டத்துக்கு மேலாக ஒரே திசையில் மெல்லிய நகர்வு ஒன்று சேர்ந்துகொள்கிறது. அந்த நகர்வே மின்னோட்டம். கம்பியின் குறுக்குவெட்டை ஒரு வினாடியில் 1 கூலூம் மின்னூட்டம் கடந்தால் அங்கே 1 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது என்கிறோம். எலக்ட்ரான்களின் எண்ணிக்கையில் சொன்னால் அது வினாடிக்கு ஏறத்தாழ 6.24 × 10¹⁸.

இந்த எலக்ட்ரான்களை மின்கலம் உற்பத்தி செய்து அனுப்புவதில்லை. கம்பியிலும் விளக்கிலும் அவை ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. மின்கலம் அவற்றை நகர்த்துகிறது, அவ்வளவுதான்.

எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குச் செல்லும்போது, பாடநூலில் அம்புக்குறி நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு வரையப்படுவது ஏன்?

மின்னூட்டங்களுக்கு நேர், எதிர் என்று பெயரிடும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் பிராங்க்ளின் காலத்தில் வந்தது. எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897-இல். இடைப்பட்ட காலத்தில் மின்னியலின் விதிகள் அனைத்தும் பழைய திசை மரபிலேயே எழுதப்பட்டுவிட்டன. எதிர் மின்னூட்டம் இடப்பக்கம் நகர்வதும் நேர் மின்னூட்டம் வலப்பக்கம் நகர்வதும் கணக்கில் ஒரே விளைவைத் தருவதால் அந்த மரபை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. தேர்வில் மரபுத் திசையையே வரையுங்கள்.

சாவியை மூடியதும் விளக்கு எரிகிறது. எலக்ட்ரான்கள் அவ்வளவு வேகமாகவா ஓடுகின்றன?

இல்லை. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான்களின் நகர்வு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர்தான். அந்தக் கணக்கில் ஓர் எலக்ட்ரான் ஒரு மீட்டர் தூரம் நகர்வதற்கு மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டு மின்சாரத்தில் நிலைமை இன்னும் வியப்பானது. அங்கே திசை வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறுவதால், இதே கம்பியில் இதே 1 ஆம்பியர் பாய்ந்தாலும் எலக்ட்ரான்கள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள்ளேயே ஊசலாடுகின்றன.

அப்படியானால் விளக்கு உடனே எரிவது எப்படி? மிதிவண்டியின் சங்கிலியைப் பாருங்கள். பெடலை மிதித்தவுடன் பின்சக்கரம் சுழல்கிறது. பெடல் பக்கத்தில் இருந்த கண்ணி பின்சக்கரம் போய்ச் சேரும்வரை அது காத்திருப்பதில்லை. சங்கிலி முழுவதும் ஒரே சமயத்தில் நகர்கிறது. கம்பியிலும் சாவியை மூடியதும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் சுற்று நெடுகப் பரவிவிடுகிறது. விளக்கின் இழைக்குள் இருந்த எலக்ட்ரான்களே அங்கே நகரத் தொடங்குகின்றன.

விளக்கைக் கடந்த பிறகு மின்னோட்டம் குறைந்துவிடுமா?

குறையாது. இந்தப் பாடத்தில் மிகுதியாகக் காணப்படும் தவறான எண்ணம் இதுவே என்பதால், ஆய்வகத்தில் ஒவ்வொருவரும் தம் கையாலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பேன். ஒரு மின்கலம், ஒரு விளக்கு, இரண்டு அம்மீட்டர்கள் போதும். ஓர் அம்மீட்டரை விளக்குக்கு முன்பும் மற்றொன்றைப் பின்பும் இணையுங்கள். முதலாவது 0.30 ஆம்பியர் காட்டினால் இரண்டாவதும் 0.30 ஆம்பியரையே காட்டும். உள்ளே வந்த மின்னூட்டம் முழுவதும் வெளியேறாவிட்டால் அது விளக்குக்குள் குவிந்துகொண்டே போக வேண்டும். அப்படி எதுவும் நடப்பதில்லை.

விளக்கில் செலவாவது ஆற்றல். மின்கலத்தின் வேதியாற்றல் மின்னாற்றலாக மாறி, இழையில் வெப்பமாகவும் ஒளியாகவும் வெளியேறுகிறது. மின்கலம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது தீர்ந்தவை அதிலுள்ள வேதிப்பொருள்களே, எலக்ட்ரான்கள் அல்ல.

மின்னழுத்த வேறுபாடு என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு கூலூம் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குச் செல்லும்போது எத்தனை ஜூல் ஆற்றலைக் கொடுக்கிறது என்பதே அந்தப் புள்ளிகளுக்கிடையேயான மின்னழுத்த வேறுபாடு. 1 கூலூமுக்கு 1 ஜூல் என்றால் 1 வோல்ட். ஆகவே மின்னழுத்த வேறுபாட்டை எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கிடையே மட்டுமே பேச முடியும். "இந்தப் புள்ளியில் 6 வோல்ட்" என்று எழுதினால், வேறெந்தப் புள்ளியைச் சுழியாகக் கொண்டீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

திறந்திருக்கும் சாவியின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்மீட்டர் எவ்வளவு காட்டும்?

மின்கலத்தின் மின்னழுத்தம் முழுவதையும் காட்டும். மின்னோட்டம் இல்லை என்பதால் மின்னழுத்த வேறுபாடும் இல்லை என்று பலர் 0 என எழுதிவிடுகிறார்கள். மின்னோட்டம் இல்லாததால் விளக்கின் முனைகளுக்கிடையே வேறுபாடு எதுவும் இராது. எனவே மின்கலத்தின் 1.5 வோல்ட்டும் சாவியின் இடைவெளிக்கே வந்து சேர்கிறது. சாவியை மூடியதும் அது விளக்குக்கு இடம் மாறுகிறது. ஒரு சாவியின் நிலை மாறியதால் சுற்றின் மற்ற இடங்களில் உள்ள அளவுகள் எப்படி மாறின என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

எட்டுச் சிறு மின்கலங்களைத் தொடராக அடுக்கினால் 12 வோல்ட் வருகிறது. அதைக் கொண்டு காரை ஸ்டார்ட் செய்ய முடியாதது ஏன்?

மின்னியக்கு விசை, அக மின்தடை என்ற இரண்டு கருத்துகளையும் இந்தக் கேள்வி ஒன்றே விளக்கிவிடும். மின்கலத்தினுள் இருக்கும் வேதிப்பொருள்களும் மின்முனைகளும் மின்னோட்டத்துக்கு ஓரளவு தடை தருகின்றன. சுற்று திறந்திருக்கும்போது மின்கலத்தின் முனைகளுக்கிடையே கிடைப்பது அதன் மின்னியக்கு விசை. மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் அதன் ஒரு பகுதி அக மின்தடையைக் கடப்பதிலேயே போய்விடுவதால் வெளிச்சுற்றுக்குக் கிடைப்பது குறைகிறது.

சிறு மின்கலம் ஒன்றின் அக மின்தடை 0.2 ஓம் என்று கொள்வோம். எட்டு மின்கலங்களுக்கு 1.6 ஓம். அவற்றின் முனைகளைத் தடித்த கம்பியால் நேரடியாக இணைத்தாலும் கிடைக்கும் அதிகபட்ச மின்னோட்டம் 12-ஐ 1.6-ஆல் வகுக்க வரும் 7.5 ஆம்பியர்தான். காரின் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். காரின் ஈய-அமில மின்கல அடுக்கின் அக மின்தடை 0.01 ஓம் அளவிலேயே இருப்பதால் அதனால் அவ்வளவு மின்னோட்டத்தைத் தர முடிகிறது. 150 ஆம்பியர் பாயும்போது அதிலும் 1.5 வோல்ட் உள்ளேயே இழக்கப்பட்டு வெளியே 10.5 வோல்ட்தான் கிடைக்கும். முன்விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது காரை ஸ்டார்ட் செய்தால் அதன் ஒளி சற்று மங்குவதற்கு இதுவே காரணம்.

ஓம் விதி எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. வெப்பநிலை மாறாதபோது ஓர் உலோகக் கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையேயான மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே ஓம் விதி. ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டு இந்தச் சோதனைகளைச் செய்தார். முடிவுகளை 1827-இல் நூலாக வெளியிட்டார். அவர் முதலில் பயன்படுத்திய, வோல்டா அடுக்குகள் எனப்படும் தொடக்ககால மின்கல அடுக்குகளின் மின்னழுத்தம் சோதனையின்போதே ஏறி இறங்கியதால் அளவீடுகள் ஒழுங்காக அமையவில்லை. பிறகு, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் வெப்ப மின்னிரட்டையை மூலமாகக் கொண்டபோதுதான் நிலையான அளவீடுகள் கிடைத்தன. நிலையான மூலம், மாறாத வெப்பநிலை என்ற நிபந்தனைகளை ஏட்டில் எழுதும்போது, அவற்றுக்குப் பின்னால் இப்படியொரு உழைப்பு இருப்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

"வெப்பநிலை மாறாதபோது" என்பது வெறும் சம்பிரதாயச் சொற்றொடர் அன்று. 230 வோல்ட், 100 வாட் குண்டு விளக்கு எரியும்போது அதன் இழையின் மின்தடை 529 ஓம். அதே விளக்கை அணைத்து, ஆறவிட்டு அளந்தால் ஏறத்தாழ 40 ஓம்தான் வரும். எரியும்போது டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸை எட்டுவதால் மின்தடை பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. எனவேதான் சாவியைப் போட்ட அந்த நொடியில் மிகையான மின்னோட்டம் பாய்கிறது. பழைய குண்டு விளக்குகள் பெரும்பாலும் போட்டவுடன் பட்டென்று ஃபியூஸ் போவதும் இதனால்தான். எல்.இ.டி. போன்ற குறைகடத்திக் கருவிகளிலோ மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்வரை மின்னோட்டம் அநேகமாக இருக்காது. எட்டியதும் செங்குத்தாக ஏறும்.

ஒரு கம்பியின் மின்தடை எவற்றைப் பொறுத்தது?

நீளத்துக்கு நேர்விகிதத்திலும் குறுக்குவெட்டுப் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். பொருளின் தன்மையை மின்தடை எண் குறிக்கிறது. அறை வெப்பநிலையில் செம்பின் மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியக் கலப்புலோகத்தின் எண் அதைப் போல் ஏறத்தாழ அறுபது மடங்கு. கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் மின்தடை பாதியாகும் என்று எழுதிவிடாதீர்கள். பரப்பு நான்கு மடங்காவதால் மின்தடை கால் பங்காகும்.

கூடுதலாக ஒரு மின்தடையைச் சேர்த்தும் பக்க இணைப்பில் மொத்த மின்தடை குறைவது எப்படி?

பக்க இணைப்பில் சேரும் ஒவ்வொரு மின்தடையும் மின்னோட்டத்துக்குப் புதியதொரு பாதையைத் திறக்கிறது. 6 வோல்ட் மின்கல அடுக்குடன் 6 ஓம் மின்தடையை மட்டும் இணைத்தால் 1 ஆம்பியர் பாயும். அதற்குப் பக்கமாக 3 ஓம் மின்தடையைச் சேர்த்தால், அதன் முனைகளுக்கும் அதே 6 வோல்ட் கிடைப்பதால் அதில் 2 ஆம்பியர் பாயும். முதல் மின்தடையில் பாயும் 1 ஆம்பியர் மாறாமல் அப்படியே இருக்கும். மின்கல அடுக்கு இப்போது தருவது 3 ஆம்பியர். 6 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் தொகுபயன் மின்தடை 2 ஓம். இரண்டில் சிறியதான 3 ஓமைவிடவும் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. மின்கலம் மாறாத மின்னோட்டத்தைத் தரும் கருவி என்று பலர் மனத்துக்குள் கொண்டிருக்கிறார்கள். அது தருவது ஏறத்தாழ மாறாத மின்னழுத்தத்தையே. எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை அதனுடன் இணைந்துள்ள சுற்று முழுவதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. வீட்டில் மின்விசிறியையும் விளக்குகளையும் பக்க இணைப்பில் பொருத்துவதால், ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது. ஒன்றை நிறுத்தினாலும் மற்றவை இயங்குகின்றன.

60 வாட், 100 வாட் குண்டு விளக்குகளைத் தொடராக 230 வோல்ட்டில் இணைத்தால் எது அதிக ஒளி தரும்?

60 வாட் விளக்குதான். இரண்டும் 230 வோல்ட்டுக்கானவை எனில், 60 வாட் விளக்கின் மின்தடை 882 ஓம், 100 வாட் விளக்கின் மின்தடை 529 ஓம். தொடரிணைப்பில் மொத்தம் 1,411 ஓம், மின்னோட்டம் 0.163 ஆம்பியர். இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால், மின்தடை கூடுதலாக உள்ள 60 வாட் விளக்கில் 23.4 வாட்டும் மற்றதில் 14.1 வாட்டும் வெளிப்படுகின்றன. உண்மையில் செய்து பார்த்தால் வேறுபாடு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 100 வாட் விளக்கின் இழை போதிய அளவு சூடேறாததால் அதன் மின்தடை இன்னும் இறங்கிவிடுகிறது; அதனால் அது மங்கிய செந்நிறத்தில் நின்றுவிடும். விளக்கின் மேல் அச்சிட்டுள்ள வாட், அது 230 வோல்ட்டில் தனியாக இணைக்கப்படும்போது மட்டுமே உண்மையாகும்.

மின்தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா?

மாணவர்களை மிகவும் குழப்பும் கேள்வி இது. குழப்பத்துக்கு நியாயமும் இருக்கிறது. மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் மின்திறன் என்று ஒரு சூத்திரம் சொல்கிறது. மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தால் மின்திறன் என்று இன்னொன்று சொல்கிறது. முதலாவதைப் பார்த்தால் மின்தடை கூட வெப்பம் கூடும். இரண்டாவதைப் பார்த்தால் குறையும். இரண்டும் சரியே. ஒப்பிடும் கருவிகளுக்கு எது பொதுவாக இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். மின்னோட்டம் பொதுவாக இருந்தால் முதல் சூத்திரம். மின்னழுத்தம் பொதுவாக இருந்தால் இரண்டாவது.

1,500 வாட் வாட்டர் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதன் மின்தடை ஏறத்தாழ 35 ஓம், மின்னோட்டம் 6.5 ஆம்பியர். 750 வாட் ஹீட்டரின் மின்தடை இதைப் போல் இருமடங்கு, வெப்பமோ பாதி. ஏனெனில் இரண்டுக்கும் மின்னழுத்தம் ஒன்றே. இனி, 1,500 வாட் ஹீட்டருக்குச் செல்லும் கம்பியைப் பாருங்கள். கம்பியும் ஹீட்டரும் தொடரிணைப்பில் இருப்பதால் இரண்டிலும் அதே 6.5 ஆம்பியர்தான் பாய்கிறது. கம்பியின் மின்தடை 0.1 ஓம் எனில் அதில் வெளிப்படும் வெப்பம் 4 வாட் அளவே. ஆகவே தண்ணீர் கொதித்தாலும் கம்பி இளஞ்சூட்டோடு நின்றுவிடுகிறது.

அந்தப் பிளக்கின் முள் சாக்கெட்டில் தளர்வாகப் பொருந்தியிருந்து, தொடும் இடத்தில் மட்டும் 1 ஓம் மின்தடை ஏற்பட்டால், சுற்றின் மொத்த மின்னோட்டம் அதிகம் மாறாது. ஆனால் அந்தச் சிறிய இடத்தில் ஏறத்தாழ 40 வாட் வெப்பம் வெளிப்படும். சாதாரண சால்டரிங் அயர்னின் திறனே 25 வாட்தான். பிளக் பழுப்பேறிக் கருகுவதற்கும் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வருவதற்கும் இதுவே காரணம். அப்படியொரு வாடை வந்தால் உடனே சாவியை நிறுத்திவிட்டு, மின்பணியாளரைக் கொண்டு சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.

கிர்க்காஃப் விதிகளைக் கடினமானவை என்கிறார்களே?

முதல் விதி மின்னூட்டம் அழியாது என்பதையும், இரண்டாவது ஆற்றல் அழியாது என்பதையும் சுற்றின் மொழியில் சொல்கின்றன. ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டங்களின் கூடுதலும் வெளியேறும் மின்னோட்டங்களின் கூடுதலும் சமம். ஒரு மூடிய பாதையைச் சுற்றி வந்தால் மின்னழுத்த ஏற்றங்களும் இறக்கங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். குஸ்டாவ் கிர்க்காஃப் 1845-இல் இவற்றை வெளியிட்டபோது அவருக்கு வயது 21, மாணவராகவே இருந்தார். கணக்கில் தவறு பெரும்பாலும் குறியில்தான் நேர்கிறது. எனவே முதலிலேயே ஒரு திசையைத் தேர்ந்துகொண்டு இறுதிவரை அதிலேயே நில்லுங்கள். விடை எதிர்க்குறியுடன் வந்தால், மின்னோட்டம் நீங்கள் எடுத்துக்கொண்ட திசைக்கு எதிராகப் பாய்கிறது என்று பொருள்.

அம்மீட்டரைத் தொடராகவும் வோல்ட்மீட்டரைப் பக்கமாகவும் இணைப்பது ஏன்?

அளக்கும் கருவியும் சுற்றின் ஓர் உறுப்பே. அதை இணைப்பதால் சுற்று மாறிவிடக் கூடாது. மின்னோட்டம் முழுவதும் அம்மீட்டர் வழியே செல்ல வேண்டும் என்பதால் அதன் மின்தடை மிகக் குறைவாகவும், வோல்ட்மீட்டர் வழியே மின்னோட்டம் பிரிந்து செல்லக் கூடாது என்பதால் அதன் மின்தடை மிக அதிகமாகவும் அமைக்கப்படுகின்றன. அம்மீட்டரைத் தவறுதலாக மின்கலத்துக்குப் பக்கமாக இணைத்தால் அது குறுக்குச்சுற்றாகி, கருவி எரிந்துபோகலாம். வோல்ட்மீட்டரைத் தொடராக இணைத்தால் பெரும்பாலும் சேதம் இல்லை. விளக்கு எரியாது, அவ்வளவே.

மின் உருகி இருக்கும்போது புவி இணைப்பு எதற்கு?

இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. மின்னழுத்தத்தைக் கொண்டுவரும் மின்னோட்டக் கம்பியும் (லைவ்) திரும்பும் பாதையான நடுநிலைக் கம்பியும் (நியூட்ரல்) தடையின்றி ஒன்றையொன்று தொட்டுவிட்டால் மின்தடை அநேகமாக இல்லாமல் போய், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கிறது. இது குறுக்குச்சுற்று. அப்போது உருகி இழை உருகியோ எம்.சி.பி. என்ற தானியங்கிச் சாவியின் விசை விழுந்தோ சுற்று துண்டிக்கப்படுகிறது. ஆனால் இஸ்திரிப் பெட்டிக்குள் மின்னோட்டக் கம்பியின் உறை தேய்ந்து, உலோக உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? புவி இணைப்பு இல்லையெனில் சுற்று நிறைவடையாததால் உருகி எதையும் உணராது. பெட்டியும் வழக்கம்போல் சூடாகும். அதைத் தொடும் மனிதர் தரையில் நிற்பதால் அவர் உடலே சுற்றை நிறைவு செய்கிறது. புவி இணைப்பு இருந்தால், கம்பி பெட்டியின் உலோக உடலைத் தொட்ட கணமே பெரும் மின்னோட்டம் தரைக்குப் பாய்ந்து உருகியைத் துண்டிக்கும்.

மூன்று முள் பிளக்கில் புவி முள் நீளமாக இருப்பதால், செருகும்போது முதலில் இணைந்து, எடுக்கும்போது கடைசியில் விலகுகிறது. அந்த முள்ளை முறித்துவிட்டோ, இரண்டு முள் இணைப்பில் பொருத்தியோ பயன்படுத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். சாவியும் உருகியும் மின்னோட்டக் கம்பியிலேயே இருக்க வேண்டும். நடுநிலைக் கம்பியில் இருந்தால் சாவியை அணைத்த பிறகும் கருவிக்குள் 230 வோல்ட் காத்திருக்கும்.

மின்கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

அதன் இரு கால்களும் ஒரே கம்பியில் இருப்பதால் அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு மிகமிகச் சிறியது. மயிலோ பழந்தின்னி வௌவாலோ இறக்கையை விரித்து இரண்டு கம்பிகளை ஒருசேரத் தொட்டால் இறந்துவிடுகிறது.

உயிரைப் பறிப்பது வோல்ட்டா, ஆம்பியரா?

உடலில் தீங்கு செய்வது மின்னோட்டம். அதைச் செலுத்துவது மின்னழுத்தம். உலர்ந்த தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம். நனைந்தால் உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது 230 வோல்ட் 0.23 ஆம்பியரைச் செலுத்தும். இதில் பாதி அளவே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதுமானது. உருகி இவ்வளவு சிறிய மின்னோட்டத்தைப் பொருட்படுத்தாது. அதனால்தான், போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு 0.03 ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியை வீடுகளில் பொருத்துகிறார்கள்.

மின் கட்டணத்தில் வரும் யூனிட் என்பது என்ன?

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஆகும் ஆற்றல் 1 யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். 75 வாட் மின்விசிறி நாள் முழுவதும் ஓடினால் 1.8 யூனிட். 9 வாட் எல்.இ.டி. விளக்கு பத்து மணி நேரம் எரிந்தாலும் 0.09 யூனிட்தான். ஒரு வாரம் வீட்டு மீட்டரைக் குறித்துவைத்து இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திறன், ஆற்றல் இரண்டும் வேறு என்பது இனி மறக்காது.

மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அனுப்புவது ஏன்?

22,000 வாட் திறனை 1 ஓம் மின்தடையுள்ள கம்பிகள் வழியே அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். 220 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியர் பாயும். கம்பியில் மட்டும் 10,000 வாட் வெப்பமாக வீணாகும். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 2 ஆம்பியர். இழப்பு 4 வாட். மின்மாற்றியைக் கொண்டு மின்னழுத்தத்தை எளிதில் ஏற்றி இறக்க மாறுதிசை மின்னோட்டம் வேண்டும் என்பதால்தான் உலகெங்கும் அது நிலைபெற்றது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஒருவகைச் சராசரி அளவு. அதன் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட்.

ஓம் விதிச் சோதனையில் என் வரைபடம் நேர்கோடாக வரவில்லை. எங்கே பிழை?

முதலில் இணைப்புகளைப் பாருங்கள். எனாமல் பூசிய கம்பியின் நுனிகளை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்திருக்கிறீர்களா, திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். கோடு நேராக இருந்தும் ஆதிப்புள்ளி வழியே செல்லாவிட்டால், மின்னோட்டம் இல்லாதபோதே மீட்டரின் முள் சுழியில் நிற்கவில்லை என்று பொருள். அந்தச் சுழிப்பிழையை ஒவ்வோர் அளவீட்டிலும் திருத்த வேண்டும். மின்னோட்டம் கூடும்போது கோடு வளைந்தால் கம்பி சூடேறியிருக்கிறது. சாவியை அளவெடுக்கும் நேரத்துக்கு மட்டும் மூடி, ஒவ்வொரு முறையும் கம்பி ஆறுவதற்குச் சற்று நேரம் விட்டு, மின்தடை மாற்றியை அதிகபட்சத் தடையிலிருந்து தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அதன் பிறகும் ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால், அதைக் கோட்டுக்கு இழுத்துவராமல், அந்த அளவீட்டை மறுபடியும் எடுத்து இரண்டையும் ஏட்டில் எழுதுங்கள்.